குடிக்காதவர் முகம்

வெஸ்டர்ஸ்லோட்,
9 ஜனவரி 1654

யோஸ்ட்,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு விசாரிக்கிற மனசு இன்னிக்கு எனக்கு இல்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

செவ்வாய்க்கிழமை நம்ம சபை மூப்பர் லாம்மெர்ட் வெண்ணெய் கொடுக்க ஹார்லெம் வந்திருக்கார். பீர் காய்ச்சி விக்கிற ஹெய்மன் இருக்கானே, அவன் வீட்டுக்கு. வேலைக்காரி காசு எடுத்துட்டு வர உள்ளே போயிருக்கா. இவர் நடையில நின்னு எட்டிப் பார்த்திருக்கார். சுவத்துல ஒரு படம். சாராயக்கடை. கவுந்து கிடக்கிற ஜாடி, சீட்டுக்கட்டு, எவனோ வாந்தி எடுத்ததை மோந்து பார்க்கிற நாய். நடுவுல ஒருத்தன் வாயை அகலத் திறந்து சிரிக்கிறான், ஒரு கை காசுக் குவியல் மேல இருக்கு. இடது புருவத்துல குறுக்கே ஒரு வெட்டு. வெண்ணெய்க் காசைக் கூட வாங்காம மூப்பர் திரும்பி வந்துட்டார்.

அந்த வெட்டு எப்படி வந்ததுன்னு வெஸ்டர்ஸ்லோட்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒன்பது வயசுல நீ வாய்க்கால்ல விழுந்தே. பக்கத்து வீட்டு சைப்ரான்ட் குதிச்சு உன்னைத் தூக்கினார், படகு விளிம்புல புருவத்தை இடிச்சுக்கிட்டார். அப்போ அவர் எனக்குப் புருஷன் கூட இல்ல. அந்த வெட்டைப் போய் ஒரு குடிகாரன் மூஞ்சியில ஒட்டியிருக்கியே, உனக்கு எப்படிடா கை வந்தது?

ஆகஸ்டுல நாலு நாள் வந்து தங்கினே. என் கஞ்சியைக் குடிச்சே. சனிக்கிழமை உன் அத்தான் சமையலறை மேசையில சபையோட தர்மப் பெட்டியைத் திறந்து வச்சு எண்ணிக்கிட்டிருந்தார், பக்கத்துல ஒரு கிண்ணம் மோர். "அத்தான், எனக்கு ஒரு தலை வேணும், அப்படியே அசையாம இருங்க"ன்னே. மனுஷன் கழுத்து பிடிச்சுக்கிற வரைக்கும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். வேதத்துல வர்ற யாரோ ஒரு பெரியவரா தன்னை வரையப் போறேன்னு நெனச்சு ரெண்டு நாள் கூச்சப்பட்டுக்கிட்டு வேற திரிஞ்சார்.

பத்து வருஷமா தர்மப் பெட்டி சாவி அவர் இடுப்புல இருக்கு. இப்போ ஊர்ல கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் படத்துல அவர் கைக்கு அடியில இருக்கிற காசு யார் காசு?

ஹெய்மன் வீட்டுக்குப் போ. அந்த முகத்தை அழிச்சுட்டு வந்து எனக்கு எழுது.

மாக்டெல்ட்

*

ஹார்லெம்,
14 ஜனவரி

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்தால் நீ எதிரில் வந்து நிற்பாய் போல இருந்தது.

முதலில் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். படம் இப்போது என்னுடையது இல்லை. ஹெய்மன் பதினெட்டு கில்டர் எண்ணிக் கொடுத்து வாங்கிப் போய்விட்டார். நீ விற்ற பசுவின் கொம்பைச் சீவுகிறேன் என்று அடுத்தவன் தொழுவத்துக்குள் போவாயா? அது மாதிரிதான் இதுவும்.

இரண்டாவது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் முதலில் அத்தானை உள்ளபடியேதான் வரைந்தேன். மோர்க் கிண்ணம், பெட்டி, மூடிய வாய், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கக் கன்னம். என் கையால் வந்தவற்றில் அதுதான் நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஐந்து வாரம் கடையில் தொங்கியது. ஒரு அம்மாள் வந்து, "இவர் என்ன, வரி வசூலிக்கிறவரா?" என்று கேட்டாள். துணி வியாபாரி ஒருவன், "பட்டிக்காட்டான் கையில இவ்வளவு காசா? பார்க்கவே நல்லா இல்லையே" என்றான். நாலு கில்டருக்குக் கூட ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓக் பலகை சும்மா வருகிறதா, அக்கா? வாடகை சும்மா நிற்கிறதா? ஒரு நாள் கோபத்தில் அந்தப் பலகை மேலேயே மாற்றி வரைந்தேன். கிண்ணத்தை ஜாடியாக்கினேன். பெட்டியை எடுத்துவிட்டுச் சீட்டை வைத்தேன். வாயைத் திறந்துவிட்டேன். இரண்டே நாளில் விற்றது. அதே பலகை, அதே ஆள், அதே காசு. இந்த ஊர்க்காரர்களுக்கு உழவன் கையில் காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தக் காசை அவன் குடித்தே தொலைத்துவிடுவான் என்று காட்டினால்தான் நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறார்கள். இதற்கு நான் என்ன செய்ய? நிதானமாக இருக்கும் உழவனைக் காசு கொடுத்து வாங்க இங்கே ஆள் இல்லை.

அத்தானிடம் நான் வருத்தப்பட்டேன் என்று சொல். அவர் மன்னித்துவிடுவார், எனக்குத் தெரியும்.

உன் யோஸ்ட்

பின்குறிப்பு: அன்றைக்குப் புறப்படும்போது உன் கையில் கொடுத்தேனே மூன்று கில்டர், உட்கார்ந்ததற்கான கூலி, அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. அத்தான் வாங்க மாட்டார் என்றுதான் உன்னிடம் கொடுத்தேன். யாரையும் சும்மா உட்கார வைத்து வரைகிறவன் இல்லை நான். அதையாவது கணக்கில் வை.

*

வெஸ்டர்ஸ்லோட்,
20 ஜனவரி

யோஸ்ட்,

உன் பட்டணத்து நடையெல்லாம் எனக்கு வேண்டாம். மன்னிப்பாராம். அவர் மன்னிச்சு ஒரு வாரம் ஆச்சு. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வெள்ளிக்கிழமை சபையிலிருந்து ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. மூப்பர் ஒருத்தர், காற்றாலைக்காரர் பௌவெல் ஒருத்தர். தொப்பியைக் கழட்டல, உட்காரல. மூப்பர்தான் பேசினார்.

"சைப்ரான்ட், நீ அவனுக்கு உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன்."

"சாராயக்கடைப் படத்துக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ உன் மச்சினன் உன்னை ஏமாத்தினான்னு சபையில சொல்லு. விஷயம் அதோட முடிஞ்சிடும்."

அதுக்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவன் மனசுல என்ன இருந்ததுன்னு நான் எப்படிச் சொல்றது, எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன்"ங்கிறார். எனக்கு அடுப்புல இருந்த கரண்டியை எடுத்து அவர் மேலயே வீசலாம் போல இருந்தது. மூணு பேரும் போய்ட்டாங்க, ரெண்டு பேர் வாசலுக்கு, ஒருத்தர் மாட்டுக்கு வைக்கோல் போட.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிறு, சபை முன்னாடி விசாரணை. விலக்கி வச்சிட்டா என்ன ஆகும்னு உனக்கு மறந்திருக்கும், நீ ஞானஸ்நானம் எடுக்கிற வயசு வர்றதுக்கு முன்னாடியே ஓடிப்போனவன். சபைக்காரங்க யாரும் அவரோட ஒரே மேசையில சாப்பிடக் கூடாது. அவர் கையால எதையும் வாங்கக் கூடாது. நானும் சபைதான். பதினாலு வருஷம் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனுக்கு நான் மூலையில தட்டு வைக்கணும், நாய்க்கு வைக்கிற மாதிரி. நமக்கு சத்தியம் பண்ற வழக்கமும் கிடையாது, வேதத்து மேல கை வச்சுத் தப்பிச்சுக்க. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்ல. அவ்வளவுதான் அவர்கிட்ட இருக்கு.

அதனால நீ வா. வந்து நின்னு சொல்லு. வர முடியலைன்னா சபைக்கு ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பு. ரெண்டே விஷயம் எழுது: அவர் பக்கத்துல இருந்தது மோர், முன்னாடி இருந்தது தர்மப் பெட்டி. மத்ததெல்லாம் நீயா சேர்த்தது. வேற ஒரு எழுத்து வேண்டாம். உனக்கு எழுத ஆரம்பிச்சா கை நிக்காதுன்னு தெரியும், அதான் சொல்றேன்.

அந்த மூணு கில்டர் பேச்சு இப்போ எதுக்கு? அதை விடு.

மாக்டெல்ட்

*

ஹார்லெம்,
31 ஜனவரி

அக்கா,

போனேன். உனக்காக ஹெய்மன் வீட்டுக்குப் போனேன், கோட்டுப் பைக்குள் தூரிகையும் பழுப்பு வண்ணமும் வைத்துக்கொண்டு. கேட்டதையும் நடந்ததையும் அப்படியே எழுதுகிறேன், பிறகாவது நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லாதே.

"புருவத்தில் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, ஐயா" என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அந்த வெட்டா? அதைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன். என் விருந்தாளிங்க உள்ளே வந்ததும் முதல்ல பார்த்துச் சிரிக்கிறதே அதைத்தான். ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்றான், சீட்டாட்டத்துல கத்திக்குத்து வாங்கினான்னு ஒருத்தன், பொண்டாட்டி கரண்டியால அடிச்சான்னு ஒருத்தன்" என்றார். சரி, படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். முப்பது கேட்டார். என்னிடம் ஏழு இருந்தது. கடைசியில் என்ன ஆயிற்று என்றால், இதே ஆளை வைத்து இன்னொரு படம் வேண்டும், தேவாலயத்தில் தூங்குகிற மாதிரி, என்று முன்பணம் நாலு கில்டரை என் கையில் திணித்து அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். திட்டு. நீ திட்டுவதற்கு முன்பே நான் என்னைத் திட்டிக்கொண்டாயிற்று.

எட்டாம் தேதி என்னால் வர முடியாது. வாய்க்கால் உறைந்து படகு நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் அது மட்டும் இல்லை. அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவே நான் போய் நிற்பதும், பௌவெல் என் பட்டணத்துச் சட்டைக் காலரை முறைத்துப் பார்ப்பதும், அத்தான் எனக்காக நகர்ந்து இடம் கொடுப்பதும், இதெல்லாம் என்னால் ஆகாது.

ஆனால் கடிதம் எழுதிவிட்டேன். உன் வழியாக அனுப்பினால் நீ சொல்லி எழுதியது என்பார்கள் என்று நேராக மூப்பர் பெயருக்கே பனிச்சறுக்கில் போகும் தபால்காரனிடம் கொடுத்துவிட்டேன். மோரும் எழுதினேன், பெட்டியும் எழுதினேன். அதோடு நிறுத்தவில்லை. உங்கள் ஆட்களுக்கு அரைகுறை உண்மை பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா? வந்த நாள், உட்கார்ந்த நேரம், கொடுத்தது, எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். இதைவிட நேர்மையான கடிதம் என் வாழ்க்கையில் எழுதியதில்லை. அத்தான் தப்பித்துவிடுவார், பார்.

யோஸ்ட்

*

வெஸ்டர்ஸ்லோட்,
9 பிப்ரவரி

யோஸ்ட்,

உன் கடிதம் வந்த பனியில உன்னால வர முடியல. இருக்கட்டும். நேத்து நடந்ததைச் சொல்றேன்.

அவரை நடுவுல நிக்க வச்சாங்க. மூப்பர் கேட்டார்.

"அந்தப் படத்துல இருக்கிறது உன் முகமா?"

"ஆமா."

"குடிச்சியா?"

"இல்ல."

"சீட்டாடினியா?"

"இல்ல."

"உன் முகத்தை ஊர் சிரிக்கக் கொடுத்ததுக்குக் கூலி வாங்கினியா?"

"இல்ல. ஒரு ஸ்டைவர் காசு கூட வாங்கல."

அப்புறம் உன் கடிதத்தைப் படிச்சாங்க. மோர்னு வந்ததும் பெண்கள் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டாங்க. தர்மப் பெட்டின்னு வந்ததும் பௌவெலே தலையாட்டினார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, என் தம்பி ஒருவழியா ஒரு காரியத்தை உருப்படியா செஞ்சுட்டான்னு. அடுத்த வரி: "உட்கார்ந்ததற்குக் கூலியாக, என் வழக்கப்படி, அந்த வீட்டில் மூன்று கில்டர் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்."

உன் அத்தான் என்னைப் பார்க்கல. தன் கையைப் பார்த்துக்கிட்டிருந்தார். பார்த்திருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும், புரிஞ்சா சொல்ல வேண்டியிருக்கும், அதனாலதான் பார்க்கலைன்னு இப்போ தோணுது.

பௌவெல் சொன்னார், "கூலி வாங்கிட்டு வாங்கலைங்கிற வாய். இந்தக் கையிலயா நம்ம ஏழைங்க காசு இருக்கு?"

நான் எழுந்தேன். பெண்கள் அங்கே பேசுற வழக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியும். "வாங்கினது நான். அவருக்குத் தெரியாது"ன்னேன்.

"எங்கே அந்தப் பணம்?"

"மாவுப் பானைக்கு அடியில, துணியில சுத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு வச்சிருந்தே?"

மூப்பர் மறுபடி கேட்டார். தர்மத்துக்குக் கொடுக்கலாம்னு வச்சிருந்தேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தாங்க, மூப்பர் மனைவி எனக்குக் கண்ணால சொல்லியே கொடுத்தா. மூணாவது தடவை கேட்டப்போ வாயில இருந்து வந்துடுச்சு. "எதுக்குன்னு யாரும் கேக்காத மூணு கில்டர் எனக்கு வேணும்னு இருந்தது."

யோஸ்ட், எங்க வீட்டுல ஒரு ஸ்டைவர் கூட எங்கே போச்சுன்னு தெரியாம போனதில்ல. தர்மப் பெட்டி இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கணும். அவர் ஒரு நாளும் என்கிட்ட அதட்டிக் கணக்குக் கேட்டதில்ல, ஆனா சாயந்திரம் சொல்லிடுவேன், உப்புக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவுன்னு. அந்த மூணை மட்டும் சொல்லல. செலவும் பண்ணல. அப்பப்போ பானையை நகர்த்திப் பார்ப்பேன், இருக்கும், மறுபடி மூடிடுவேன். அவ்வளவுதான் என் பாவம். அதுக்காக வருத்தப்படுறேன்னு சொல்லுன்னாங்க. மறைச்சதுக்கு வருத்தப்படுறேன், வேணும்னு நெனச்சதுக்கு வருத்தப்பட வரலைன்னேன்.

அவர் பேர் சுத்தமாயிடுச்சு. சாவி அவர்கிட்டயே இருக்கு. விலக்கி வச்சது என்னை.

மாக்டெல்ட்

*

ஹார்லெம்,
13 பிப்ரவரி

அக்கா,

ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு வரி. "அத்தானுக்குத் தெரியாது, எழுதாதே" என்று ஒரே ஒரு வரி. வேற ஒரு எழுத்து வேண்டாம் என்று எழுதினாயே, அதை நான் உன் வழக்கமான அதட்டல் என்று நினைத்தேன். எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம் வருகிறது, அதற்குள் என் மேல் வந்துவிடுகிறது, யார் மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

ஹெய்மனின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வரையத் தொடங்கியிருந்த, தேவாலயத்தில் தூங்குகிற அத்தானைப் பலகையிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டேன். அதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பாய். ஒன்றும் ஆகாது. சாராயக்கடைப் படம் அங்கேயேதான் தொங்குகிறது. நேற்றுக்கூட ஒருவன் கடைக்கு வந்து, அந்த வெட்டுப் புருவக்காரன் மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். இல்லை என்றேன். அடுத்த கடைக்காரன் நான் வரைந்து தருகிறேன் என்று கூட்டிப் போய்விட்டான்.

நான் மூப்பருக்கு இன்னொரு கடிதம் எழுதட்டுமா?

யோஸ்ட்

*

வெஸ்டர்ஸ்லோட்,
20 பிப்ரவரி

யோஸ்ட்,

தயவுசெஞ்சு நீ யாருக்கும் எந்தக் கடிதமும் எழுதாதே.

இங்கே எப்படி இருக்குன்னு கேட்டா, இப்படி இருக்கு. உன் அத்தான் தொழுவத்துல இருந்த பழைய மேசையைக் கழுவி, கால் ஒட்டி, எனக்குன்னு கொண்டு வந்து போட்டார். மூலையில போடல. பெரிய மேசைக்குப் பக்கத்துலயே போட்டார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு கை அகலம் இடைவெளி. மூப்பர் வந்து பார்த்துட்டு, ரெண்டு மேசைதானே, சரின்னு போனார். சாப்பிட உட்காரும்போது தினமும் அவர் கையை வச்சு அளந்து பார்த்துக்கிறார், ஒரு விரல் கூடியும் இருக்கக் கூடாது, குறைஞ்சும் இருக்கக் கூடாதுன்னு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. கஞ்சியை நான் கையில கொடுத்தா வாங்கக் கூடாதுன்னு, நான் சட்டியை அடுப்புமேல வச்சுட்டு நகர்ந்துக்கிறேன், அவர் போய் எடுத்துக்கிறார்.

கோபமா ஒரு வார்த்தை சொல்லிட்டாலாவது தேவலை. மூணாம் நாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கேட்டிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டேனா, மாக்டெல்ட்?" கொடுத்திருப்பார். அதுதானே பிரச்சனை, அதை அவருக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்காவது புரியுதா?

அந்த மூணு கில்டரைத் தர்மப் பெட்டியில போட்டுடுங்கன்னு எடுத்து வச்சேன். விலக்கப்பட்ட கையில இருந்து அவர் வாங்கக் கூடாதாம். ஜன்னல் கட்டை மேல கிடக்கு. அவரும் தொடல, நானும் தொடல. யாரும் எதுக்குன்னு கேக்காத காசு வேணும்னேன், இப்போ நிஜமாவே அப்படி ஒரு காசு ஆயிடுச்சு.

நேத்து வியாழக்கிழமைதான், ஆனாலும் சனிக்கிழமை மாதிரியே பெட்டியைத் திறந்து எண்ணினார், ஊர்ல ஒரு விதவைக்கு விறகுக்குப் பணம் வேணும்னு. பக்கத்துல மோர்க் கிண்ணம். நான் என் மேசையில இருந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்துல விழுந்தது, நீ எழுதின மாதிரியேதான். உன் முதல் படம் நல்லாத்தான் இருந்திருக்கும். இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கல, ஆனாலும் சொல்றேன்.

உன் மேல எனக்குக் கோபம் போகல. சீக்கிரம் போகவும் போகாது. ஆனா பன்னிரண்டு நாளா தனி மேசையில சாப்பிடுறேன், யோஸ்ட். இந்தத் தெரு முழுக்க சபை ஆட்கள், வாசல்ல நின்னு பேசுறாங்க, உள்ளே வந்து உட்கார மாட்டாங்க. நீ ஞானஸ்நானம் எடுக்காமலே ஓடினவன். உன்னை யாரும் எதிலிருந்தும் விலக்க முடியாது. என்கூட ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட எனக்கு வேற ஆள் இல்ல.

பனி உருகிடுச்சு, படகு ஓடுது. படம் வரையிற கரித்துண்டை வீட்டிலேயே வச்சுட்டு வா. கரண்டி நான் தர்றேன்.

அக்கா